ஜீப்பை விட்டு கார்புரேட்டர் போன கதை



இன்று கொஞ்சம் வண்டி வரலாறு. பழைய பெட்ரோல் ஜீப்பை வாங்கிப் புதுப்பித்து ஓட்டும் ஆசை நம் பிள்ளைகள் சிலருக்கு வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டர் வந்ததால்தான் கார்புரேட்டர் ஒழிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஜீப்பைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை. அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே பெட்ரோல் விலை அதைத் துரத்தத் தொடங்கிவிட்டது.

கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது? வீட்டில் கொசு மருந்து அடித்த ஃபிளிட் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தள்ளினால் காற்று வேகமாகப் பாயும். அந்த இடத்தில் அழுத்தம் குறையும். டப்பாவில் உள்ள மருந்து மேலேறிப் புகையாகச் சிதறும். கார்புரேட்டரிலும் அதேதான். எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியே பாய்கிறது. மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல், ஜெட் என்னும் பித்தளைத் துளை வழியாக மேலே வந்து காற்றோடு கலக்கிறது. எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் 1893-இல் உருவாக்கிய அமைப்பின் வழிவந்தது இது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தது. வில்லீஸ் ஜீப்பில் இருந்தது கார்ட்டர் கார்புரேட்டர். போர் முடிந்ததும், 1940-களின் கடைசியில், மகிந்திரா நிறுவனம் பம்பாயில் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, கிராமத்துக்கு அரசாங்கம் வந்ததே ஜீப்பில்தான். பி.டி.ஓ. ஜீப், அம்மை ஊசி போட வந்த ஜீப், குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப், தேர்தல் ஜீப் எல்லாவற்றையும் நம் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். பேளூர், தும்பல் தாண்டிக் கருமந்துறைப் பக்கம் போவதற்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் தேவை.

மலைதான் கார்புரேட்டருக்குப் பரீட்சை வைக்கும் இடம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியை விட ஏழில் ஒரு பங்கு வரை குறைவு. சேலத்தில் சரியாக வைத்த மிக்சர் அங்கே பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை தள்ளும். செங்குத்தான ஏற்றத்தில் வண்டி சாய்ந்தால் கிண்ணத்தில் பெட்ரோலும் சாயும். எஞ்சின் பெட்ரோல் குடித்து மூச்சு முட்டும், அல்லது பெட்ரோல் கிடைக்காமல் நிற்கும். வெயிலில் முதல் கியரில் ஏறினால் பைப்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். இதைத்தான் ஏர்லாக் என்றார்கள். ஏ.சி. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பதே வைத்தியம்.

செம்மண் புழுதி இன்னொரு எதிரி. அதனால் ஜீப்பின் ஏர் கிளீனரில் எண்ணெய் ஊற்றி வைத்தார்கள். காற்று எண்ணெய்மேல் பட்டுத் திரும்பும்போது தூசு அதில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் மாற்றாவிட்டால் தூசு நேராக எஞ்சினுக்குள் போகும்.

இந்த நோய்களையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் எட்டாம் வகுப்போடு நின்று பட்டறைக்குப் போன பையன்கள். அவர்களுக்குக் காதும் மூக்கும்தான் மீட்டர். பிளக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. சோக்கைப் பாதி இழுத்ததும் எஞ்சின் சீரானால் ஜெட் அடைப்பு, அல்லது எங்கோ காற்றுக் கசிவு. பெட்ரோல் வழிந்தால் நீடில் வால்வில் தூசு, அல்லது மிதவையில் ஓட்டை. மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தால் உள்ளே பெட்ரோல் புகுந்திருப்பது கேட்கும். ஜெட்டை வாயால் அல்ல, காற்றுக் குழாயால் ஊத வேண்டும். கம்பி விட்டுக் குத்தவே கூடாது. பித்தளை தேய்ந்து துளை பெரிதானால் மைலேஜ் போயே போச்சு.

1973 அக்டோபரில் மேற்கு ஆசியப் போர் மூண்டது. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் ஜீப் ஓட்டுவது யானைக்குத் தீனி போடுவது போல ஆயிற்று. மகிந்திரா தன் டிராக்டர் வழிவந்த டீசல் எஞ்சினை ஜீப்பில் பொருத்தியது. டீசல் எஞ்சினில் கார்புரேட்டர் கிடையாது. பம்பும் நாசிலும்தான். நம் பக்கத்து ஜீப்புகள் ஒவ்வொன்றாக டீசலுக்கு மாறின.

1985 டிசம்பரில் மாருதி ஜிப்ஸி கார்புரேட்டரோடு வந்தது. ராணுவமும் போலீசும் வனத்துறையும் அதை வைத்துக்கொண்டன. 2000-இல் ஈயமில்லாப் பெட்ரோலும் புதிய புகை விதிகளும் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தன. புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிக் கருவிக்கு மிக்சர் நொடிக்கு நொடி துல்லியமாக இருக்க வேண்டும். அந்த வேலை ஜெட்டால் முடியாது. ஜிப்ஸியும் அந்த ஆண்டே இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. கம்ப்யூட்டர் வென்றது இங்கேதான்.

இப்போது பழைய ஜீப் வைத்திருப்போருக்கு ஒரு எச்சரிக்கை. பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் குழாயையும் கேஸ்கெட்டையும் ஊறவைக்கும். மிக்சரும் கொஞ்சம் வெளுக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. புகை குறைந்தது நல்லதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பட்டறைப் படிப்பு எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. கற்றவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. உங்கள் வீட்டில், தெருவில் அப்படி ஒரு மெக்கானிக் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, நோட்டில் எழுதி வையுங்கள் கண்ணுகளா. எழுதியதை எனக்கும் அனுப்புங்கள்.