கல்லெழுத்தும் கண்ணாடி வில்லையும்

ஜொகூர் மாநிலத்துப் பத்து பாகாட் எனும் ஊரின் பெயரை முதன்முதலில் கேட்கும் தமிழ்ச் சிறுவர், எண்ணைக் குறிக்கும் பத்தையே நினைப்பர். மலாய் மொழியில் பத்து என்பது கல். பாகாட் என்பது உளி. செதுக்கிய கல் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்காவின்மேல் படையெடுத்து வந்த சயாமியர் இங்குத் தங்கிப் பாறையைக் குடைந்து நீர் எடுத்தனர் என்று ஒரு செய்தி வழிவழியாக வழங்கி வருகிறது. கல்லில் விழுந்த உளியின் தடம் ஓர் ஊருக்கே பெயராய் நிலைத்துவிட்டது.

உளி பட்ட கல் வரலாறு பேசும் என்பது தமிழர் நன்கறிந்த செய்தி. இராசராச சோழன் எடுத்த தஞ்சைப் பெரிய கோயிலின் கற்களில், கோயிலுக்கு வந்த பொன்னும் மணியும் நிலமும், அங்குப் பணி செய்தோர் பெயரும் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கடல் கடந்து இராசேந்திரன் வென்ற இடங்களைக் கூறும் மெய்க்கீர்த்தியும் அக்கோயிலில் உண்டு. அதில் வரும் கடாரம் இன்றைய கெடா என்பது அறிஞர் துணிபு. ஆகவே அந்தக் கற்களின் கதை மலேசியத் தமிழருக்கும் உரிய கதையாகும். அக்கற்களை ஒரு கண்ணாடி வில்லை எவ்வாறு பார்த்தது என்பது பலரும் அறியாத வரலாறு.

இங்கிலாந்தில் 1822இல் பிறந்த லின்னேயசு டிரைப் என்பவர் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்து வந்தார். மறு ஆண்டு சென்னை அரசு அவரைத் தன் படப்பிடிப்பாளராக அமர்த்தியது. 1857இன் இறுதியிலும் 1858இன் தொடக்கத்திலும் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய ஊர்களை அவர் படமெடுத்தார். தஞ்சையில் அவர் செய்த பணி தனிச் சிறப்புடையது. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்லெழுத்துகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். ஹுல்ட்ஷ் அக்கோயிலின் கல்வெட்டுகளைப் படித்து அச்சிடத் தொடங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இப்பணி முடிந்துவிட்டது.

இதன் அருமையை உணர, அந்நாளைய காமிராவின் இயல்பை அறிதல் வேண்டும். அது ஒரு மரப்பெட்டி. முன்புறம் வில்லை, பின்புறம் தேய்த்த கண்ணாடி. படமெடுப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பார்த்தால், கோபுரம் தலைகீழாகத் தெரியும். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறியிருக்கும். வில்லையைச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்த நகர்த்த, மங்கிய உருவம் மெல்லத் திரண்டு கூர்மை பெறும். பின்னர் அக்கண்ணாடியை அகற்றி, மெழுகேற்றி மருந்து பூசிய தாளை அவ்விடத்தில் வைத்து, நிமிடக்கணக்கில் ஒளியை உள்ளே விடவேண்டும்.

இதில் இன்னொரு நுட்பமும் இருந்தது. மனிதக் கண் மஞ்சளையும் பச்சையையும் மிகுதியாக உணரும். அக்கால மருந்துகளோ நீலத்தையும் ஊதாவையுமே உணர்ந்தன. செம்மையாகத் திருத்தப்படாத வில்லையில் இவ்விரு வகை ஒளியும் ஒரே இடத்தில் குவிவதில்லை. அதனால் கண்ணுக்குத் தெளிந்த இடம் தாளுக்குத் தெளிந்த இடமாக அமையாது. எவ்வளவு விலக்க வேண்டும் என்பதைப் பழக்கத்தாலேயே அறிய வேண்டும். மேலும், சுவரில் எழுதிய எழுத்தைத் தொடராக எடுக்கும்போது காமிரா ஒரு முழம் முன்னே போனாலும் எழுத்தின் அளவு மாறிவிடும். அடுத்த படத்தோடு இணையாது. 21 படங்களும் வரிசை பொருந்தி நின்றன என்றால், அக்கை எவ்வளவு பொறுமையுடையதாக இருந்திருக்க வேண்டும்!

வில்லைகளின் வளர்ச்சியும் வியக்கத்தக்கது. 1840இல் வியன்னாவில் பெட்சுவல் என்னும் கணித அறிஞர் கணக்கிட்டு அமைத்த வில்லை, முன்னையவற்றினும் பன்மடங்கு ஒளியை உள்ளே விட்டது. ஆயினும் அதன் ஓரங்கள் மங்கும்; முகத்தை எடுக்க உகந்ததேயன்றிச் சுவரை எடுக்க உகந்ததன்று. பின்னர் ஜெர்மனியின் யேனா நகரில் அபேயும் ஷாட்டும் புதுவகைக் கண்ணாடிகளை உருக்கி வார்த்தனர். 1902இல் சைஸ் நிறுவனத்தில் ருடால்ப் நான்கே கண்ணாடிகளால் அமைத்த டெஸ்ஸார் வில்லை உலகெங்கும் புகழ் பெற்றது. 1925இல் லைக்கா என்னும் சிறு காமிரா விற்பனைக்கு வந்தபின் வில்லை உள்ளங்கையில் அடங்கியது. 1950இல் கொரியப் போரைப் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கன் ஜப்பானிய நிக்கார் வில்லைகளைப் பயன்படுத்தியதும், ஜெர்மனியின் புகழை ஜப்பானும் பங்கிட்டுக் கொள்ளலாயிற்று.

அக்காலத்து வில்லை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் அதில் ஒரு சிறு பாடசாலையையே காணலாம். முன்வளையத்தைத் திருப்பினால், மிக நுண்ணிய மரையில் வில்லை முன்னேறும். 50 மில்லிமீட்டர் வில்லையில், நெடுந்தொலைவிலிருந்து 10 மீட்டர் வரை தெளிவைக் கொண்டுவரக் கால் மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். 1 மீட்டருக்குக் கொண்டுவர இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியாக நகர வேண்டும். இந்தச் சிற்றளவை விரல்கள் உணரும்படி நீண்ட சுற்றாக்கித் தருவதே மரையின் வேலை. மற்றொரு வளையத்தில் 2, 2.8, 4, 5.6, 8 என்று எண்கள் இருக்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் உள்ளே வரும் ஒளி பாதியாகக் குறையும். 2 என்பதில் வரும் ஒளியை ஒன்று என்று கொண்டால், அடுத்தவை அரை, கால், அரைக்கால், வீசம் என வரும். பழைய எண்சுவடி படித்தவருக்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

1985இல் மினோல்ட்டா நிறுவனம் தானே தெளிவு கூட்டும் காமிராவை வெளியிட்டு வெற்றி கண்டபின், கையால் திருப்பும் வில்லைகள் பெட்டிக்குள் போயின. இன்று கைப்பேசியே அவ்வேலையை நொடியில் செய்கிறது. ஆயினும் பழைய வில்லைகளைத் தேடி வாங்கிப் பயன்படுத்துவோர் பல நாடுகளிலும் உள்ளனர். பொறி, ஒளிநிழல் வேறுபாடு மிக்க இடத்தையே பற்றிக் கொள்ளும். தேய்ந்த கல்லின் எழுத்தில் அவ்வேறுபாடு குறைவு. பொறி தடுமாறும் அவ்விடத்தில், காலை வெயில் சாய்ந்து விழும் நேரம் பார்த்து, வளையத்தை மயிரிழை அளவு திருப்பி, குழிந்த கோடு நிழலாய்த் துலங்கும் கணத்தைக் கண்டு நிறுத்தும் விரலுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. புரியாத செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் காண்பவர் அடையும் மகிழ்ச்சியும் அத்தகையதே.

டிரைப்பின் பணி நீண்ட நாள் நடக்கவில்லை. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் அதனை வீண் செலவென்று கருதினார். 1860க்குள் எல்லாம் முடிந்தது. எடுத்த படங்கள் நின்றன. அவை 2014, 2015 ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. எடுக்காமல் விடப்பட்ட சுவர்களுக்கு அந்த ஆண்டுகளின் சான்று இல்லை.

மலாயாவிலும் இதற்கு ஒப்பான இழப்பு நேர்ந்தது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களை வாங்கித் தொழிலாளரைக் காத்தது. ஆயினும் கலைந்துபோன குடியிருப்புகள் பல. அங்கிருந்த கோயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லும், பள்ளியின் திறப்புக் கல்லும், சுடுகாட்டு நடுகல்லும் எங்கே என்று கேட்டால் விடை கூறுவார் அரியர். அரசர் கொடை மட்டும் கல்லெழுத்தாகாது. பால்மரம் வெட்டியவர் ஐந்து வெள்ளி கொடுத்துப் பொறித்த பெயரும் கல்லெழுத்தே.

எஞ்சியிருக்கும் அத்தகைய கற்களைத் தமிழாசிரியர்கள் மாணவரோடு சென்று படமெடுத்து, ஊரும் ஆண்டும் குறித்து வைத்தல் வேண்டும். வீட்டில் பழைய வில்லை இருந்தால் அதுவே போதும். கல்லுக்கு நேரே நின்று, சாய்வெயிலில், ஒவ்வோர் எழுத்தும் தெளியும்வரை மாணவரையே வளையத்தைத் திருப்பச் செய்யலாம். எழுத்து தெளியும் அந்நொடியில் மாணவர் அப்பெயரை வாய்விட்டுப் படிப்பார். அதுவே அவர் படிக்கும் முதல் கல்வெட்டாகும்.