இழைப்புளியில உசத்தி எது?

சென்னை, பெங்களூரு பக்கமிருந்து மரவேலைப் பிரியர்கள் சிலர் அடிக்கடி கேக்குறது இதுதான்: "கம்பம், தேனி பழைய இரும்புக் கடைகள்ல ஸ்டான்லி இழைப்புளி கிடைக்குமா? அதுலயும் பெட்ராக் கிடைக்குமா?" கேள்விக்குள்ள ஒரு வரலாறு இருக்கு.

1895 அக்டோபர்ல பெரியாறு அணைத் தண்ணி எங்க பள்ளத்தாக்குக்கு வந்துச்சு. அதே வருசம் ஏப்ரல்ல, அமெரிக்காவுல ஜஸ்டஸ் டிராட் என்பவர் இந்த பெட்ராக்குக்குக் காப்புரிமை வாங்கினார். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. வருசம் மனசுல நிக்கும்னு சொல்றேன்.

அப்போ இங்க ஏர், வண்டி, நிலைக்கதவு எல்லாமே ஊர் ஆசாரி கைவேலை. கூலி, அறுப்பு முடிஞ்சு களத்துல அளந்து குடுக்குற நெல்லு. அவர் இழைப்புளியோட கட்டையை அவரே செதுக்கிக்குவார். அலகை ஆப்பு வச்சு இறுக்கி, சுத்தியலால தட்டித் தட்டி ஆழம் பாக்கணும். அந்தத் தட்டு கைவரவே வருசக்கணக்காகும்.

இந்தச் சிரமத்தைத்தான் லியோனார்ட் பெய்லி திருகாணி வச்சுத் தீர்த்தார். அவரோட காப்புரிமைகளை ஸ்டான்லி 1869ல வாங்கிருச்சு. வார்ப்பிரும்பு உடம்பு, ரெண்டு அங்குல அலகு, 45 பாகை சாய்வு: நாலாம் நம்பர் உலகம் பூரா பரவுச்சு. 1931லிருந்து ஷெஃபீல்டுல ரெக்கார்டும் இதே வார்ப்புல செஞ்சது.

பெட்ராக் அதைவிட விலை கூடுதல். வித்தியாசம் எங்கன்னா, அலகைத் தாங்குற மேடையில. அமெரிக்கக்காரங்க அதைத் தவளைன்னு சொல்லுவாங்க. பெய்லியில அந்தத் தவளை சில இடத்துல மட்டும் உடம்பைத் தொடும். பெட்ராக்ல முழுசாப் படிஞ்சு உக்காரும். 1911க்குப் பிறகு வந்ததுல, அலகைக் கழட்டாமலே வாயை இறுக்கலாம், தளத்தலாம். காலையில வேம்பு, மத்தியானம் எதிர்நார் ஓடுற தோதகத்தின்னு மாத்தி மாத்தி இழைக்கிறவருக்கு இது நிஜமான சவுகரியம். இன்னைக்கு லை-நீல்சன் காரங்க பெருவிலைக்கு விக்கிறதும் இந்த அமைப்பைத்தான்.

ஆனா ரெண்டுலயும் ஸ்டான்லி போட்டது ஒரே அலகு! மழுங்கினா ரெண்டும் மரத்தைப் பிய்க்கும். நல்லாத் தீட்டி, அடித்தளம் சமமா இருந்தா, தேக்குப் பலகையில சாதாரணப் பெய்லியே வெங்காயத் தோலு மாதிரி சுருள் எடுக்கும். பெட்ராக் போர்க்காலத்தோட நின்னுபோச்சு, பெய்லி இன்னும் வருது. அந்த விலை வித்தியாசத்துல பெரும்பகுதி சேகரிப்பாளர் ஆசைக்குத்தான்னு நான் நினைக்கிறேன்.

எங்க பக்கம் கண்ல படுறதும் பெய்லி வகைதான். மின்சார இழைப்பு மிஷின் வந்தபிறகு, ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் அதையெல்லாம் எடைக்குப் போடுறாங்க. தாத்தா செதுக்கின மரக்கட்டை இழைப்புளிக்கு எடைகூடக் கிடையாது, அடுப்புக்குப் போகுது. கிலோ கணக்குல விக்குறவர்கிட்ட ரொம்பப் பேரம் பேசாதீங்க. வாய் ஓரத்துல விரிசல் இருக்கா, அலகுல இன்னும் எத்தனை விரக்கடை மிச்சம் இருக்குன்னு மட்டும் பாத்து வாங்குங்க. பக்கத்துல மரக்கட்டை ஒண்ணு கிடந்தா அதையும் சேத்து எடுத்துக்குங்க.