ஓடாவி வீட்டுக் கொடிவழி

"சாமி, எங்கள் முன்னோர் தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவிகளாம். பெயர்களை எங்கே தேடுவது?" என்று நம் பங்கு வாலிபர் ஒருவர் கேட்டார்.

குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டாம் என்றோம். 1535-37 ஆண்டுகளில் முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் பெற்றோர் போர்த்துக்கீசியப் பெயர்களை ஏற்றனர். பெர்னாண்டோ என்றால் லிஸ்பன் இரத்தம் என்று பொருளல்ல!

தேட வேண்டிய இடம் கோயில் ஏடு. அவருடைய பாட்டனாரின் திருமணம் நம் ஏட்டில் இருக்கிறது. ஞானஸ்நானம் தூத்துக்குடியில் என்ற குறிப்பும் உண்டு. அங்குள்ள ஏட்டில் பெற்றோர், ஞானப் பெற்றோர் பெயர்கள் கிடைக்கலாம். 1908 முதல், திருமணம் எங்கே நடந்தாலும் ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆகவே மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் வழி பிடிக்கலாம்.

அயர்லாந்தின் துறைமுக ஊர்களில் கப்பல் கட்டியோரின் பேரப்பிள்ளைகளும் இப்படித்தான் தேடுகிறார்கள். 1922 சூன் 30-இல், உள்நாட்டுப் போரில், டப்ளின் அரசு ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த குடிக்கணக்குகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. கத்தோலிக்க ஏடுகளோ அந்தந்தப் பங்குகளிலேயே இருந்தமையால் பிழைத்தன. 2015 முதல் அவற்றின் படங்களை அந்நாட்டுத் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே காட்டுகிறது.

நம் ஏட்டுக்கு நெருப்பு வரவில்லை, கரையான் வந்துவிட்டது. தின்றது பக்க ஓரங்களை. குறிப்புகள் இருந்ததும் அங்கேதான். பழைய திருமணச் சான்றிதழ் வைத்திருப்போர் ஞாயிறு பூசைக்குப் பின் பங்கு இல்லத்துக்குக் கொண்டுவாருங்கள். பார்த்து எழுதிக்கொண்டு அப்போதே திருப்பித் தருவோம்.