கடற்கரையைச் சுத்தம் செய்ய காசு கிடைக்கும், வழக்குப் போட கிடைக்குமா?

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போயிருக்கிறீர்களா? 2018 டிசம்பரில் 'ஸ்வராஜ் தீவு' என்று பெயர் மாறினாலும், பலருக்கு அது இன்னும் ஹேவ்லாக்தான். ராதாநகர் போன்ற கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவதற்கு ஸ்பான்சர் பிடிப்பது பெரிய கஷ்டமில்லை. பேனரில் லோகோ வரும், போட்டோவும் நல்லா வரும். அதே தீவுக்கூட்டத்தில் ஒரு பழங்குடியின் நிலத்துக்காக நீதிமன்றப் படி ஏற யார் காசு கொடுப்பார்கள்?

ஒரு ரிசார்ட்டின் கதை

ஹேவ்லாக்கில் சூழலுக்கு இசைந்த ரிசார்ட் என்று பெயர் வாங்கிய பேர்ஃபுட் நிறுவனம், தெற்கு அந்தமானில் ஜாரவா காப்பகத்தை ஒட்டிய காலின்பூரிலும் ஒரு ரிசார்ட் அமைத்தது. 2007இல் அந்தமான் நிர்வாகம் காப்பகத்தைச் சுற்றி 5 கி.மீ. பாதுகாப்பு வளையத்தை அறிவித்தது. நிறுவனம் வழக்குத் தொடர்ந்து கொல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வென்றது. ஆனால் 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வளையத்துக்குள் சுற்றுலா, வணிக நடவடிக்கைகளுக்குத் தடை போட்டது.

இந்த ரிசார்ட்டை எதிர்த்துப் பிரசாரம் செய்த லண்டனின் சர்வைவல் இன்டர்நேஷனல், எந்த அரசிடமும் பணம் வாங்குவதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. அதனால் எந்த அரசையும் விமர்சிக்க அதற்குக் கூச்சமில்லை. 'வெளியூர்க்காரர்களுக்கு இங்கே என்ன வேலை?' என்ற கேள்வியில் இருந்து மட்டும் அது தப்ப முடியாது.

சிஎஸ்ஆர் பணம் எங்கே போகும்?

2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் பலகையில் எழுதக்கூடிய வேலைக்குத்தான் இந்தப் பணம் எளிதில் வருகிறது. இன்னொரு சிக்கல், காலம். தொடர் திட்டம் என்றாலும், தொடங்கிய ஆண்டு போக அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான். பாறை போல வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றால்?

இங்கேதான் விஷயம் கடினமாகிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ) 2020இல் செய்த திருத்தம், நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்தில் இருந்து 20 ஆகக் குறைத்தது. வாடகை, கணக்கு எழுதும் செலவு, வழக்கறிஞர் கட்டணம் எல்லாமே நிர்வாகச் செலவில் சேரும். அதாவது, வழக்கையே முக்கிய வேலையாக வைத்திருக்கும் அமைப்பு இந்தப் பணத்தில் ஓட முடியாது.

இன்னொன்று, ஒரு அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை வேறொரு அமைப்புக்குப் பகிரவும் கூடாது. டெல்லியிலோ சென்னையிலோ இருக்கும் பெரிய அமைப்பு வாங்கி, தீவில் இருக்கும் சின்ன குழுவுக்குக் கொடுக்கும் வழி இதோடு அடைபட்டது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தங்களை உறுதி செய்தது.

அரசின் வாதமும் இருக்கிறது: வெளிநாட்டுப் பணம் நாட்டின் கொள்கையை வளைக்கக் கூடாது. 2012இல் கூடங்குளம் போராட்டத்தின்போது அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கே, அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் இருந்து பணம் பெறும் அமைப்புகள் பின்னணியில் இருப்பதாகச் சொன்னார். இடிந்தகரை மீனவர்களுக்கு அது அவமானமாகப் பட்டது. உண்ணாவிரதம் இருந்தது அவர்கள்தானே? 2020 மார்ச்சில், மக்கள் பிரச்சனைக்காகப் பந்த், மறியலை ஆதரிப்பதாலேயே ஒரு அமைப்பை அரசியல் அமைப்பாகக் கருதி வெளிநாட்டு நிதியைத் தடுக்க முடியாது என்று இன்சாஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

எதிர்ப்பக்கத்தில் பணம் இல்லையா?

அது பற்றிப் பேச்சே எழுவதில்லை, அதுதான் வேடிக்கை. 2006 அறிவிக்கையின்படி, ஒரு திட்டத்தின் சூழல் தாக்கத்தை ஆராயும் ஆலோசகரைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவருபவரே. 2022 நவம்பரில் சூழல் அனுமதி பெற்ற கிரேட் நிகோபார் திட்டத்துக்கும் இதே நடைமுறைதான்.

நீங்கள் எப்படிச் சரிபார்ப்பது?

எஃப்சிஆர்ஏ பதிவுள்ள அமைப்பு, நிதியாண்டு முடிந்த 9 மாதத்துக்குள் கணக்கைத் தன் தளத்திலோ அரசுத் தளத்திலோ வெளியிட வேண்டும். எந்த நிறுவனம் எங்கே சிஎஸ்ஆர் செலவு செய்தது என்பதை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் மாநில, யூனியன் பிரதேச வாரியாகப் பார்க்கலாம்.