வெண்போர்வையும் கருஞ்சிலுவையும்

போல்டிக் கடலின் தென்கிழக்குக் கரையில், சாம்லாந்து என்னும் தீபகற்பத்தில், புயல் அடித்து ஓய்ந்த மறுநாட் காலையில் அலைகள் மஞ்சள் நிறக் கட்டிகளைக் கரையில் ஒதுக்கிவிட்டுச் செல்லும். அம்பர் என வழங்கும் அப்பொருள் கல்லன்று. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன காடுகளின் பிசின் இறுகியது. கரையோரத்து மக்கள் நெடுங்காலமாக அதனைப் பொறுக்கி விற்று வந்தனர். உரோமப் பேரரசின் காலத்திலேயே அது மத்தியதரைக் கடல் வரை சென்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பின்னர் நிலைமை மாறிற்று. கடல் கொணர்ந்து போட்டதைக் கரையில் வாழ்ந்தவன் தனக்கென எடுத்து வைத்துக்கொள்வது குற்றமாயிற்று. அக்குற்றத்துக்குத் தூக்குமரமும் தண்டனையாயிற்று. பொறுக்கியது முழுவதையும் புதிய ஆட்சியாளரிடம் ஒப்படைத்து, மாற்றாக உப்பைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆட்சியாளர் அதனை லூபெக், புரூஜஸ் ஆகிய நகரங்களின் கைவினைஞர் சங்கங்களுக்கு விற்றனர். கைவினைஞர் அதனைக் கடைந்து செபமாலை மணிகளாக்கினர்.

அப்புதிய ஆட்சியாளர் மன்னரல்லர், வணிகரல்லர், வறுமை, கற்பு, கீழ்ப்படிவு என்னும் மூன்று விரதங்களையும் ஏற்ற துறவிகள். வெண்போர்வையிற் கருஞ்சிலுவை தரித்த தியூத்தோனியச் சபையினர்.

இன்றைய கற்பனை நாவல்களிலும் திரைப்படங்களிலும் இத்தகைய புனித வீரர் கூட்டங்கள் அடிக்கடி தோன்றுகின்றன. பெயர் வேறாயிருக்கும், உலகமே வேறாயிருக்கும், ஆயினும் போர்வையும் வாளும் விரதமும் அவைதாம். நம் மாணவர்கள் அவற்றை விரும்பிப் படிப்பதில் நாம் குறைகாண வரவில்லை. அக்கதைகளில் ஒரு கேள்வி மட்டும் எழுவதில்லை என்பதையே சொல்ல விரும்புகிறோம்: அவ்வீரர் உண்ட தானியத்தை விளைவித்தவர் யார்? கற்பனையுலகில் அதற்கு விடை தேடுவது வீண். வரலாற்றில் விடை உண்டு.

1190 ஆம் ஆண்டில், மூன்றாம் சிலுவைப் போரின்போது, பாலஸ்தீனக் கரையிலுள்ள அக்கோ நகரின் முற்றுகையில் நோயுற்றும் காயமுற்றும் கிடந்த ஜேர்மானியருக்கென, பிரேமன், லூபெக் நகரங்களிலிருந்து வந்தோர் கப்பற் பாயைக் கூடாரமாகக் கட்டி ஒரு மருத்துவச் சாலை அமைத்தனர் என்பது மரபு. சபையின் தொடக்கம் அதுவே. நோயாளரைப் பேண எழுந்த சங்கம் எட்டே ஆண்டுகளில், 1198 இல், ஆயுதம் தரித்த சங்கமாயிற்று. தெம்பிளர், ஹொஸ்பிற்றலர் என்போர் அதற்கு முன்மாதிரிகளாயிருந்தனர். (போர்த்துக்கல்லிலே தெம்பிளரின் சொத்துக்களைப் பெற்றது 1319 இல் நிறுவப்பட்ட கிறிஸ்துவின் சபை. அதன் சிலுவையே பின்னர் நம் கடல்களுக்கு வந்த போர்த்துக்கேயக் கப்பல்களின் பாய்களில் விளங்கிற்று. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.)

இச்சபையிற் சேர்ந்தோர் யாவர் என நோக்குதல் வேண்டும். தொடக்க காலத்து வீரருட் பெரும்பாலோர் ஜேர்மனியின் பெருங்குடிப் பிரபுக்களல்லர்; பிரபுக்களிடம் போர்ச் சேவகமும் நிருவாகமும் புரிந்து வாழ்ந்த சேவகக் குடும்பத்தினர். அவருட் பலர் சட்டப்படி முழுச் சுதந்திரமும் பெற்றிராதவர். பங்கிடப் போதிய நிலமில்லாத வீட்டின் இளைய புதல்வனுக்குச் சபை சோறும் குதிரையும் கௌரவமும் அளித்தது. விரதம் தனி மனிதனுக்கே உரியது; சபைக்கன்று. எந்தச் சகோதரனும் ஒரு காசும் வைத்திருத்தலாகாது. சபையோ நாடுகளையே வைத்திருக்கலாம். தந்தையிடமிருந்து மகனுக்குப் பிரிந்து போகாத சொத்து, சாவில்லாத உடைமையாளன் – நிலமானிய ஐரோப்பாவில் இதைவிட உறுதியான நிலப்பிரபு வேறு எவன் இருந்திருக்க முடியும்?

ஹேர்மன் பொன் சால்சா என்னும் சபைத் தலைவர் இதனை நன்குணர்ந்தவர். ஒருவரையொருவர் பகைத்து நின்ற பேரரசன் இரண்டாம் பிரெடெரிக்குக்கும் பாப்பரசருக்கும் இடையே தூது சென்று இருவரிடமும் சலுகை பெற்ற வல்லாளர் அவர். 1211 இல் ஹங்கேரி மன்னன் தன் எல்லையைக் காக்கச் சபைக்கு நிலம் அளித்தான். சபையினரோ அந்நிலத்தை மன்னனுக்குரியதன்று, பாப்பரசருக்குரியது என்று ஆக்க முயன்றனர். 1225 இல் மன்னன் படைகொண்டு அவர்களைத் துரத்தினான். அதே வேளையிலேதான் போலந்தின் மசோவியக் கோமகன் கொன்ராட், வடக்கேயிருந்து தன் நாட்டைத் தாக்கிய பிரஷ்யரை அடக்க உதவி வேண்டினான். ஹங்கேரியிற் கற்ற பாடத்தைச் சபை மறக்கவில்லை. 1226 ஆம் ஆண்டிட்ட பேரரசனின் பொன்முத்திரைப் பட்டயம், 1234 இற் பாப்பரசரின் ஆணை எனக் கையில் எழுத்தைப் பெற்றுக்கொண்டது. கூடாரத்துள் ஒட்டகத்தை விட்டவன் கதைதான் கொன்ராட்டின் கதை.

பிரஷ்யர் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஜேர்மன் படைவீரனின் இரும்புத் தொப்பி. ஆதிப் பிரஷ்யரோ ஜேர்மானியரல்லர். லிதுவேனிய, லத்வியருக்கு நெருங்கிய மொழியினராய், அரசன் என ஒருவனைக் கொள்ளாது இனக்குழுக்களாய்ப் பிரிந்து வாழ்ந்த உழவரும் வேட்டுவரும் அவர். எழுத்து அவரிடம் இருக்கவில்லை. ஆகவே அவரைப்பற்றி நாம் அறிவதெல்லாம் அவரை வென்றவர் எழுதியதே. சபையின் குருவான பீற்றர் பொன் டூஸ்பேர்க் 1326 இல் முடித்த வரலாற்றை, எதிரியின் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்வதுபோலவே நாம் வாசித்தல் வேண்டும்.

1230 ஐ அடுத்துத் தொடங்கிய போர் ஆற்றோரமாகக் கோட்டை கோட்டையாக முன்னேறிற்று. 1249 இற் கிறிஸ்ற்பேர்க் என்னுமிடத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இதனை முன்னின்று முடித்தவர் பாப்பரசரின் தூதர் ஜாக். பிற்காலத்தில் நான்காம் ஊர்பன் என்ற பெயரிற் பாப்பரசரானவர். செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகன். ஞானஸ்நானம் பெற்ற பிரஷ்யர் சொத்து வாங்கலாம், விற்கலாம், வழக்காடலாம், குருவாகலாம் என்று அவ்வுடன்படிக்கை ஒப்புக்கொண்டது. பதிலாக அவர்கள் இறந்தோரை எரித்தலையும் பல மனைவியரைக் கொள்ளுதலையும் பழைய தெய்வ வழிபாட்டையும் கைவிட்டு, 22 தேவாலயங்களைக் கட்ட வேண்டும். மதத்திலிருந்து வழுவினால் உரிமை போய்விடும். இங்குதான் இவ்வுடன்படிக்கையின் உட்பொருள் வெளிப்படுகின்றது. மனிதனுக்கு உரிமை பிறப்பால் வரவில்லை. நல்ல நடத்தைக்கு அளிக்கப்படும் சலுகையாக வந்தது. அவன் வழுவினானா இல்லையா என்று தீர்ப்பவரும் அவனது நிலத்தால் இலாபம் பெறுபவரே.

1260 இல் டூர்பே என்னுமிடத்தில் லிதுவேனிய இனத்தவரிடம் சபை தோற்றதும், பிரஷ்யர் கொதித்தெழுந்தனர். பதினான்கு ஆண்டுகள் நீடித்தது அவ்வெழுச்சி. அதன் தலைவருட் புகழ் பெற்றவன் ஹேர்க்குஸ் மொந்தே. சிறு வயதிற் பணயமாகப் பிடிக்கப்பட்டு, மக்டபேர்க் நகரிற் கிறிஸ்தவக் கல்வி பெற்றவன் அவன். எசமானரின் மொழியையும் போர் முறையையும் கற்று, அவற்றைக் கொண்டே எசமானரை எதிர்த்தான். 1273 இற் காட்டில் தனித்திருந்தபோது பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டான். எழுச்சி முழுவதும் ஒருமுகமாக இருந்தது என்று கருதிவிடலாகாது. சபையின் பக்கம் நின்ற பிரஷ்யத் தலைவருக்குச் சுதந்திர நிலவுடைமை வழங்கப்பட்டது. எதிர்த்தோரும் எளியோரும் பண்ணைக் குடிகளாயினர். 1283 அளவில் வெற்றி முற்றுப்பெற்றது. சூடோவியர் என்ற கிளையினர் வேரோடு பெயர்க்கப்பட்டுச் சாம்லாந்தின் ஒரு மூலையிற் குடியமர்த்தப்பட்டனர்.

சபையின் ஆட்சி வெறும் கொள்ளையென்று எழுதிவிட்டு நகர்வது எளிது. உண்மை அவ்வாறன்று. விஸ்துலா ஆற்றின் கழிமுகத்தில் அணை கட்டிச் சதுப்பு நிலத்தை விளைநிலமாக்கினர். ஆலைகள் எழுந்தன, நகரங்கள் எழுந்தன, ஜேர்மனியிலிருந்து வந்த உழவர் அக்காலத்துக்கு மேலான நிபந்தனைகளில் நிலம் பெற்றனர். 1309 இல் தலைமைப்பீடம் வெனிஸ் நகரிலிருந்து மாரியன்புர்க் கோட்டைக்கு மாற்றப்பட்டது. அக்கோட்டையில் தானியத்துக்கு ஒரு வணிக அதிகாரி. கோனிக்ஸ்பேர்க்கில் அம்பருக்கு ஒருவர். விற்பனையும் கடனும் ஒழுங்காகப் பதியப்பட்ட கணக்குப் புத்தகங்கள் அவர்களிடம் இருந்தன. செங்கல்லில் எழுந்த அம்மடத்தை வணிகக் கழகமென்று சொன்னாலும் பிழையில்லை. ஆயின் அணைக்கு மண் சுமந்தவன் பெயர் அப்புத்தகங்களில் இல்லை.

பிரஷ்யா அடங்கியபின் எஞ்சியது லிதுவேனியா. ஆண்டுதோறும், சதுப்பு உறையும் குளிர்காலத்திலும் கோடையிலும், அந்நாட்டின் மீது படையெடுப்பு நிகழ்ந்தது. மேற்கு ஐரோப்பியப் பிரபுக்கள் புகழ் தேடி வந்தனர். பின்னர் இங்கிலாந்தின் நான்காம் ஹென்றியாக முடிசூடியவர் 1390 இல் வந்து வில்னியூஸ் முற்றுகையிற் பங்குகொண்டார். அவர் செலவுக் கணக்குகள் இன்றும் உள்ளன. சிறந்த விருந்தினர்க்குக் கௌரவ மேசையில் விருந்து. வேட்டைக்குப் போவதுபோற் போனார்கள் என்பதே பொருந்தும். லிதுவேனியரும் வாளாவிருக்கவில்லை, எல்லை கடந்து எரித்தனர், சிறைபிடித்தனர். இரு பக்கத்திலும் எரிந்தவை குடியானவரின் குடிசைகளே.

இந்நிலையிற் சபைக்குப் பேரிடி ஒன்று விழுந்தது. லிதுவேனியக் கோமகன் யொகைலா 1386 இற் கிராக்கோவில் ஞானஸ்நானம் பெற்றுப் போலந்தின் அரசனானான். அடுத்த ஆண்டில் அவன் நாடும் கிறிஸ்தவ நாடாயிற்று. மதம் பரப்புவதே சபையின் நோக்கமாயின், இதனைக் கேட்டு அது மகிழ்ந்திருக்க வேண்டும். அது மகிழவில்லை. அம்மதமாற்றம் போலியானது என்று கூறிப் போரைத் தொடர்ந்தது. 1410 ஜூலை 15 இல் குருன்வால்ட் களத்தில் சபைத் தலைவர் உல்ரிக் பொன் யுங்கிங்கன் உட்பட அதன் தலைமையிற் பெரும்பகுதி மாண்டது. அப்போரின் விபரங்களை இங்கு விரிக்கத் தேவையில்லை; படம் வரைந்தோரும் நாவல் எழுதியோரும் அதனைப் போதிய அளவு செய்துவிட்டனர்.

எமக்கு அதனினும் முக்கியமாகத் தோன்றுவது சில ஆண்டுகளின் பின் கொன்ஸ்ரன்ஸ் திருச்சபைச் சங்கத்தில் (1414–1418) நிகழ்ந்த வாதம். கிராக்கோப் பல்கலைக்கழகத்தின் தலைவரான பவெல் விளோட்கோவிச், கிறிஸ்தவரல்லாதாருக்கும் நிலமும் ஆட்சியும் இயற்கை நியாயப்படி உரியன என்றும், அமைதியாக வாழும் அவரைத் தாக்கிப் பறிப்பது நியாயமற்றது என்றும், வாளால் வரும் மதமாற்றம் மதமாற்றமே அன்று என்றும் வாதிட்டார். கொலம்பஸ் கப்பலேறுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன் எழுந்த குரல் இது. அவர் போலந்து மன்னனின் தூதராகவும் நின்றார் என்பது உண்மையே. மன்னனின் நலனும் நியாயமும் ஒரு பாதையிற் சேர்ந்து நடந்த அரிய தருணங்களுள் அஃதொன்று. சபைக்குச் சார்பாக எழுதிய பால்கன்பேர்க் என்ற துறவியோ, போலந்து மன்னனையும் மக்களையும் கொல்வது புண்ணியம் என்று எழுதினார். சங்கம் இரு தரப்பிலும் தெளிவான தீர்ப்புக் கூறாது கலைந்தது.

சபையின் வீழ்ச்சியைக் கொணர்ந்தது வாதமுமன்று. குருன்வால்ட் தோல்வி மட்டுமுமன்று. 1411 இன் சமாதானப்படி சபை செலுத்த வேண்டியிருந்த தொகை ஓர் இலட்சம் கோப்பா, அதாவது 60 இலட்சம் பிராக் வெள்ளி நாணயம். அச்சுமை நகரங்கள் மீதும் உழவர் மீதும் வரியாக இறங்கிற்று. வணிகத்திற் சபையே போட்டியாளன், சபையே வரி விதிப்பவன், சபையே நீதிபதி. 1440 இல் நகரங்களும் நிலவுடைமையாளரும் ஒன்றுகூடிப் பிரஷ்யக் கூட்டணி அமைத்தனர். 1454 இற் கிளர்ந்தெழுந்து போலந்து மன்னனைத் தமக்கு அரசனாக அழைத்தனர். டான்சிக், தோர்ன், எல்பிங் – இந்நகரங்களின் வணிகர் பெரும்பாலும் ஜேர்மன் மொழி பேசியவர் என்பதைக் கவனிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டு இவ்வரலாற்றை ஜேர்மானியருக்கும் சிலாவியருக்கும் இடைப்பட்ட தீராத இனப்பகையாக எழுதிவந்தோர் இவ்விடத்தில் தடுமாறுவர். பலர் இதனைச் சொல்லாமலே கடந்து செல்வர்.

பதின்மூன்று ஆண்டுப் போரிற் கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க வழியின்றிச் சபை தன் கோட்டைகளை அடகு வைத்தது. சம்பளம் வரவில்லை. 1457 இற் கூலிப்படையினர் மாரியன்புர்க் கோட்டையையே போலந்து மன்னனுக்கு விற்றுவிட்டனர்.

1525 இற் கடைசிக் காட்சி. சபைத் தலைவர் அல்பிரெக்ற், லூதரின் ஆலோசனையைக் கேட்டு வெண்போர்வையைக் களைந்தார். சபையின் பிரஷ்ய நாட்டைத் தம் குடும்பச் சொத்தான கோமகவுரிமையாக்கி, ஏப்ரல் 10 இற் கிராக்கோவில் மன்னன்முன் மண்டியிட்டார். அதே ஆண்டு செப்டெம்பரிற் சாம்லாந்தின் குடியானவர் எழுந்தனர். புதிய சமயத்தின் வேதம் பிரபுவை ஆதரிக்கவில்லை என்று அவர்கள் விளங்கிக்கொண்டிருந்தனர். எழுச்சி அடக்கப்பட்டது, தலைவர்கள் தலை இழந்தனர். துறவியின் கையிலிருந்த சாட்டை கோமகனின் கைக்கு மாறியிருந்தது.

அல்பிரெக்ற் பிறந்த ஹோஹென்சொலெர்ன் குடும்பமே பின்னர் 1701 இற் பிரஷ்ய மன்னர் பட்டம் சூடிற்று. வென்றவர் தோற்றவரின் பெயரையே சூடிக்கொண்டனர். 1914 இல் ரஷ்யப் படையை வென்ற ஜேர்மன் தளபதிகள், ஐந்து நூற்றாண்டுக்கு முந்திய குருன்வால்ட் தோல்விக்குப் பழி தீர்த்ததாகக் காட்ட அப்போருக்கு அத்தோல்வியின் ஜேர்மன் பெயரான தன்னன்பேர்க் என்பதையே சூட்டினர். நாசிகள் கருஞ்சிலுவை வீரரைப் புகழ்ந்தனர். அதே நாசிகள் 1938 இல், ஒஸ்திரியாவில் எஞ்சியிருந்த உண்மையான சபையைக் கலைத்தனர். அவருக்கு வேண்டியது உருவமே. பிரஷ்யா என்னும் அரசு 1947 பெப்ரவரி 25 இல் நேச நாடுகளின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சபை மீண்டும் எழுந்து, வாளின்றி, குருமாரின் சங்கமாக இன்றும் வியன்னாவில் உள்ளது.

ஆதிப் பிரஷ்யரின் மொழி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1709 இல் வந்த கொள்ளைநோயோடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஏறத்தாழ எண்ணூறு சொற்கொண்ட ஓர் அகராதியும், ஞானோபதேச நூல்கள் மூன்றும், சில துணுக்குகளுமே அதில் எஞ்சியுள்ளன. அவற்றுட் பெரியது 1561 இற் கோனிக்ஸ்பேர்க்கில் அச்சானது. ஆபெல் வில் என்னும் போதகர் லூதரின் சிறிய ஞானோபதேசத்தை மொழிபெயர்க்க முயன்றபோது, அருகிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்துக் கொடுத்தவர் பவுல் மெகோட் என்னும் பிரஷ்யக் குடியானவர். இன்று அம்மொழியை ஆராய்வோர் அதன் வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றுக்களையும் பெரும்பாலும் அந்நூலிலிருந்தே அறிகின்றனர். அந்நூலின் பிற்பகுதியில், ஊழியர் தம் எசமானருக்கு அச்சத்தோடும் நடுக்கத்தோடும் கீழ்ப்படிதல் வேண்டும் என்ற உபதேசம், பிரஷ்ய மொழியிற் பிழையின்றி மொழிபெயர்க்க முயன்ற அக்குடியானவரின் உதவியோடு, இன்றும் உள்ளது.