வேட்டைக்களக் கத்திகள் (வட அமெரிக்கா)

வேட்டையில் வீழ்ந்த பெரிய விலங்கை அது விழுந்த இடத்திலேயே வயிறு கீறி, குடலெடுத்து, தோலுரித்து, சுமக்கத்தக்க துண்டங்களாகப் பிரிக்க உதவும் சிறு கத்திகள் வேட்டைக்களக் கத்திகள் எனப்படும். வெண்வால் மான், எல்க், மூஸ் ஆகிய மானினங்கள் உரிமம் பெற்று வேட்டையாடப்படும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் இவற்றைச் செய்வது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

இந்த வேலையில் அவசரம் காட்டக் காரணம் சூடு. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். உயிர் போனபின்னும் தடித்த தோலும் அடர்ந்த மயிரும் உடற்சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இடுப்பு மூட்டைச் சுற்றிய சதைதான் கடைசியாக ஆறும். எலும்போரம் இறைச்சி முதலில் கெட்டு நாறுவதும் அங்கேதான். செப்டம்பர் மாத வெயிலில் தாமதித்தால் நல்ல பின்சப்பை முழுவதும் வீணாகும்.

விலங்கு பெரிது என்பதால் கத்தியும் பெரிதாக இருக்கவேண்டும் என்று எண்ணுவது புதியவர்களின் வழக்கம். ஜேம்ஸ் போவியின் பெயரால் வழங்கும் நீண்ட கத்தி சண்டையில் பெயரெடுத்தது. மார்புக்கூட்டுக்குள் அதை வைத்துக்கொண்டு கையைத் திருப்பக்கூட இடம் போதாது. மூஸுக்கும்கூட 7.5 முதல் 10 செ.மீ. அலகு போதும். ஆட்காட்டி விரலைக் கத்தியின் முதுகில் நீட்டினால் அது முனையை எட்டவேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முனை எங்கே இருக்கிறது என்று விரல்தானே சொல்லவேண்டும்.

அலகின் முதுகு முனையை நோக்கி மெல்லச் சரிந்து இறங்கும் வடிவமே இன்று பெருவழக்கு. முனை தாழ்ந்திருப்பதால் தோலைக் கீறும்போது அது குடலில் குத்துவது குறைகிறது. இவ்வடிவத்தை வேட்டைக்காரர்களிடையே பரப்பியவர் பாப் லவ்லெஸ் (1929–2010). 1950-களில் நியூயார்க் கடையொன்றில் அவர் கேட்ட கத்திக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும் என்றார்கள். அவர் பழைய கார் ஸ்பிரிங் எஃகில் தாமே ஒன்றைச் செய்துகொண்டார். பின்னாளில் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் பட்டறை வைத்த அவர், 1970-களின் தொடக்கத்தில் 154சிஎம் எஃகைக் கத்தித் தொழிலுக்குக் கொண்டுவந்தார். மடக்குக் கத்திகளில் 1964-இல் வெளிவந்த பக் 110 பெரும்புகழ் பெற்றது. திறந்ததும் பூட்டிக்கொள்ளும் அலகு அதற்கு நம்பகம் தந்தது. குறை ஒன்றுண்டு: கீல் இடுக்கில் புகுந்த கொழுப்பையும் இரத்தத்தையும் கழுவி எடுப்பது தொல்லை. முதுகில் கொக்கி வைத்த அலகுகள் வயிற்றுத் தோலைச் சீராகத் திறக்கும். ஆனால் கொக்கியின் உள்வாயைத் தீட்டுவது கடினம் என்பதால் அனுபவசாலிகள் பலர் அதை நாடுவதில்லை.

கத்தியை மழுக்குவது சதை அல்ல, மயிர். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் எல்க் சேற்றில் புரளும். காய்ந்த மண் மயிரோடு ஒட்டிக்கிடக்கும். வெளியிலிருந்து தோலை அறுத்தால் அந்த மண் அரம்போல் கத்தியின் வாயைத் தின்றுவிடும். அதனால் சிறு துளையிட்டு, வாய் மேல்நோக்கியிருக்கக் கத்தியை நுழைத்து, உள்ளிருந்து வெளியே கீறுவதே முறை.

எஃகைப் பற்றிய வாதங்களுக்கு முடிவில்லை. 420எச்சி போன்ற மிதமான எஃகு விரைவில் மழுங்கும். சிறு தீட்டுக்கல்லில் சில இழுப்பிலேயே கூர் திரும்பும். 2001-இல் வந்த எஸ்30வி நெடுநேரம் தாங்கும். மழுங்கிவிட்டால் மலையுச்சியில் வைரத்துகள் பூசிய தகடு கைவசம் வேண்டும். கரியெஃகு அருமையாகக் கூரேறும், ஆனால் இரத்தம் பட்டால் துருப்பிடிக்கும். தீட்டத் தெரியாதவருக்கு எந்த எஃகும் உதவாது என்பதால்தான் அறுவைக்கத்தி போன்ற, மழுங்கினால் கழற்றி மாற்றும் அலகுகள் பரவின. அவற்றை மூட்டில் நுழைத்து நெம்பினால் ஒடியும், ஒடிந்த சில்லு இறைச்சிக்குள் போய்விடும்.

குடலெடுக்கும்போது விலங்கை மல்லாத்தி, இடக்கையின் இரு விரல்களால் வயிற்றுத் தோலைத் தூக்கிப் பிடித்து, அவ்விரல்களுக்கு நடுவே கத்தியைச் செலுத்துவர். வாயு நிறைந்து உப்பிய இரைப்பையில் ஒரு கீறல் விழுந்தாலும் இறைச்சி கெடும். மலவாயைச் சுற்றி அறுத்து நூலால் கட்டி உள்ளிழுப்பர். உதரவிதானத்தை விலாவோரமாக அறுப்பர். பிறகு ஒரு கை மார்புக்கூட்டுக்குள் மூச்சுக்குழலைப் பிடிக்க, மறு கை கத்தியோடு அதே இருட்டுக்குள் நுழையும். தன் கையைத் தானே அறுத்துக்கொள்ள இதைவிடத் தோதான கட்டம் இல்லை. நிதானம் இங்கேதான் வேண்டும்.

வாகனம் எட்டாத மேற்கு மலைகளில் வயிற்றைத் திறக்காமலே இறைச்சியை எடுப்பதும் உண்டு. விலங்கை ஒருக்களித்துக் கிடத்தி ஒரு பக்கத் தோலை உரிப்பர். முன்னங்கால் உடலோடு எலும்பால் இணைந்ததன்று, தசையால் மட்டுமே ஒட்டியிருப்பது. காலைத் தூக்கிப் பிடித்தால் அக்குளில் கத்தி தடையின்றி ஓடி, முன்சப்பை கையோடு வந்துவிடும். பின்னங்காலில் பந்துக்கிண்ண மூட்டைத் தேடி, உள்ளிருக்கும் தசைநாரை வெட்டவேண்டும். மூட்டு தெரிந்தவருக்கு ரம்பம் தேவைப்படுவதில்லை. முதுகுச் சதையை எடுத்தபின், கடைசி விலாவுக்குப் பின்னால் கீறி, இரைப்பையைக் கையால் ஒதுக்கி, உள்முதுகுச் சதையை உருவுவர்.

கத்தி எங்கே நிற்கவேண்டும் என்பதில் சட்டமும் தலையிடும். கொலராடோ உள்ளிட்ட மாநிலங்களில் விலங்கு ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு இறைச்சியோடு இயல்பாக ஒட்டியிருக்கவேண்டும். அலாஸ்காவின் சில பகுதிகளில் மூஸ் சப்பைகளை எலும்போடுதான் காட்டைவிட்டுக் கொண்டுவரலாம்.

மான் இனங்களைத் தாக்கும் நாட்பட்ட நலிவு நோய் 1967-இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. பிரியான் என்னும் புரதத்தால் வரும் இந்நோய் மனிதருக்குத் தொற்றியதாக உறுதிப்படவில்லை. ஆயினும் கையுறை அணியவும், மூளையையும் தண்டுவடத்தையும் தொடாமல் விடவும், சமையலறைக் கத்திகளைத் தவிர்க்கவும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. சமைக்கும் சூட்டில் பிரியான் அழியாது. வீட்டு பிளீச் இரு பங்கும் தண்ணீர் மூன்று பங்குமாகக் கலந்த கரைசலில் ஐந்து நிமிடம் கிடந்தால் எஃகின் மேற்பரப்பில் அது செயலிழப்பதாக 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் ஒட்டியிருக்கும் சதைத் துணுக்குக்குள் பிளீச் ஊடுருவாது. ஆகவே கத்தியை முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே கரைசலில் இடவேண்டும்.