சரக்குத் தரகரும் சட்டமும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்கள், உத்தியோக மாற்றல் வரும்போது வீட்டுச் சாமான்களை லாரியில் அனுப்புவது வழக்கம். பணத்தைப் பெற்றுக்கொண்டு, வடநாட்டில் 'பில்டி' என வழங்கும் ரசீதை எழுதித் தருபவர் பெரும்பாலும் லாரியின் சொந்தக்காரர் அல்லர், இடைநிற்கும் தரகரே. சாமான் வந்து சேராவிடில் யாரைக் கேட்பது? இக்கேள்விக்குச் சட்டம் விடை காண நெடுங்காலம் பிடித்தது.

1865ஆம் ஆண்டின் சரக்கேற்றுவோர் சட்டம் மாட்டு வண்டியும் படகும் ஓடிய காலத்தது. எல்லோருக்கும் பொதுவாகக் கூலிக்குச் சரக்கேற்றுபவர் இழப்புக்குப் பொறுப்பாளர். அவரது கவனக்குறைவை வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்க வேண்டியதில்லை என அது விதித்தது. நல்ல விதிதான். எனினும், சரக்கேற்றுவோர் எங்கும் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் லாரிக்குப் பர்மிட்டும் ஓட்டுநருக்கு லைசென்சும் கேட்டது. தரகரை அதுவும் கேட்கவில்லை.

தரகரின்றி இத்தொழில் நடவாது. நம் நாட்டு லாரிகளில் பெரும்பாலானவை ஓரிரு வண்டி மட்டுமே வைத்திருப்போருடையவை. தொலைதூர நகரில் சரக்கை இறக்கிய வண்டி வெறுமனே திரும்பினால் நஷ்டம். அவ்வூர் வியாபாரியை லாரிக்காரர் அறியார். லாரிக்காரரை வியாபாரி அறியார். இருவரையும் அறிந்தவர் தரகர் ஒருவரே. ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, பலரது அறிமுகம் ஆகியவையே அவரது மூலதனம்.

1956ஆம் ஆண்டுத் திருத்தம்தான் முதன்முதலாகச் சரக்கு முகவர் லைசென்ஸ் பெற வேண்டுமென்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93ஆம் பிரிவு அதனைத் தொடர்ந்தது. ஈட்டுத்தொகையும் கேட்கலாம், ஆனால் ரூ.50,000க்கு மேற்படாது என்றது. பல லட்சம் பெறுமான சரக்குக்கு இத்தொகை எம்மட்டு?

2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்கேற்றுச் சட்டம், 2011 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கியது. பொதுச் சரக்கேற்றுவோர் என்ற சொல்லினுள் முகவரும் தரகரும் அடங்குவர் என்று புதிய சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. இரண்டே சொற்கள், ஆனால் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு, சட்டத்தின் உயிரே அங்குதான் இருப்பதாகத் தோன்றுகிறது. அவர்கள் பதிவுச் சான்றிதழ் பெற்றே தொழில் நடத்தலாம். அது பத்தாண்டுகள் செல்லும்.

ஆயினும் பொறுப்புக்கு வரம்புண்டு. கூடுதல் கட்டணம் செலுத்த எழுத்துமூலம் ஒப்பாதவருக்கு, வாடகையைப் போல் பத்து மடங்கு வரையே ஈடு கிடைக்கும். ரூ.8,000 வாடகைக்கு ரூ.80,000, சாமான் எவ்வளவு பெறுமானமாயினும் சரி. வழக்கிடுமுன், சரக்கைப் பதிந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பும் கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு மாற்றலின்போது என் புத்தகப் பெட்டிகள் இரண்டு வழியில் காணாமற் போயின. ரசீதில் கடையின் பெயர் இருந்தது; பதிவெண் இல்லை. இன்று வரும், நாளை வரும் என்று அவர்கள் சொல்ல, நானும் காத்திருந்தேன். பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியபோது எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.